கால் லிட்டர் பாட்டிலில் எண்பது கிராம் கலர்

போன வாரம், நம் பினிஷிங் தொழிலில் இருக்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். முதல் முறையாக வெளிநாடு போகிறாராம். "ரஃபீக் பாய், கைப்பையில டச்-அப் கலர் எடுத்துனு போலாமா? எவ்ளோ எடுத்துனு போலாம்?" என்று கேட்டார். "நூறு மில்லி பாட்டிலா பார்த்து எடுத்துக்கோ. பாட்டில் மேலயே நூறுன்னு போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

சொன்னது சரியான பதில்தான். ஆனால் அது பாதி பதில். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. வாயால் சொல்ல வெட்கப்படுகிறவன் எழுதியாவது தொலைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியின் பினிஷிங் பிரிவில் தோலுக்குக் கலர் கூட்டி, மேட்ச் செய்து, அதிலேயே தாடி நரைத்து ஓய்வு பெற்றவன் நான். கலர் எப்படிக் கூட்டுவது என்று உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

முதலில் எங்கள் எக்ஸ்போர்ட் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். இன்றும் நல்லபடியாக இருக்கிறார். வேலூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவர். சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். ஆனாலும் எனக்கு அவர் சார், அவருக்கு நான் பாய். மதியம் எங்கள் இருவரின் டிபன் கேரியரும் ஒரே மேஜையில்தான் திறக்கும். ரம்ஜான் மாதத்தில் எனக்கு நோன்பு என்பதால், அவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் ஒளிந்து சாப்பிட்டுவிட்டு வருவார். "இன்னா சார், சாப்பிடலையா?" என்று கேட்டால், "பசியே இல்ல பாய்" என்பார். மீசையில் தயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இந்தக் கதையில் பணயமாக இருந்தது ஒரு ஆர்டர் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம். ஆர்டர் பிழைத்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததுதான் பிழைக்கவில்லை.

தொண்ணூறுகளில் நானும் அவரும் முதன்முதலாக ஜெர்மனிக்குப் போனோம். பையருக்கு, அதாவது நம் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்கு, அனுப்பும் சாம்பிள் ஷூ சில நேரம் வழியில் உரசி, மூக்குப் பக்கம் கலர் போய்விடும். அதைச் சரிசெய்ய, அதே கலரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு நானும் கூடவே போவது எங்கள் கம்பெனி வழக்கம். அந்த முறை பாட்டிலைப் பெட்டியில் வைத்து, பெட்டியை லக்கேஜில் போட்டுவிட்டேன். இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. விமானம் மேலே போனதும் மூடி பிதுங்கிக் கலர் கசிந்துவிட்டது. ஓட்டலில் பெட்டியைத் திறந்தால், அவருடைய ஒரே கோட்டின் ஒரு கை முழங்கை வரைக்கும் பிரவுன். சாம்பல் நிறக் கோட்டு. அவருடைய அப்பா தன் சேமிப்பிலிருந்து தைத்துக் கொடுத்தது.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஷேட் கரெக்டா இருக்கு பாய்" என்றார். பிறகு சிரித்தார். "கோட்டுக்கும் சாம்பிள் போட்டுட்டீங்களே." மறுநாள் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு பையர் ஆபீசுக்கு வந்தார். பையர் அந்தக் கையையே பார்த்தார். இவர் கொஞ்சமும் தயங்காமல், "விமானத்தில் காபியைக் கொட்டிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய பிறகு முதலாளியிடமும் அதே காபிதான். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

அதற்குப் பிறகு, கலரைக் கையில்தான் எடுத்துப்போக வேண்டும் என்று அவர் ஒரு சட்டமே போட்டுவிட்டார். பல வருடம் அப்படியே போய் வந்தோம். மடியில் குழந்தை மாதிரி பாட்டிலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறின் கடைசியில் அந்த விதி வந்தது. விமானத்தில் திரவ வெடி கொண்டுபோகத் திட்டம் போட்டதாகச் சிலரைப் பிடித்ததை அடுத்து வந்தது அது. கைப்பையில் தண்ணீராக எது இருந்தாலும் நூறு மில்லிக்கு மேல் கூடாது, எல்லாவற்றையும் ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு, வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பையரிடமிருந்து போன் வந்தது. கூரியரில் போன சாம்பிள் பூட்ஸ் எல்லாமே மூக்கில் வெளுத்துப்போய்விட்டதாம். கடைக்காரர்களைக் கூப்பிட்டு அவர் மாதிரி காட்டும் நாள் நெருங்கிவிட்டது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் அந்த சீசன் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். பேரணாம்பட்டிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் கம்பெனி வேனில் வந்து தைக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அப்புறம் வேலை இருக்காது.

சார் என்னிடம் தெளிவாகத்தான் சொன்னார். "பாய், புது ரூல். நூறு மில்லிக்கு மேல கூடாதாம். எவ்ளோ வேணும் உங்களுக்கு?"

"எண்பது கிராம் ஜாஸ்தி சார். அதுவே மிச்சமாகும்" என்றேன்.

ஜிப் பையும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். நான் எண்பது கிராம் நிறுத்து ஊற்றினேன். எதில் ஊற்றினேன் என்று கேளுங்கள். கால் லிட்டர் பாட்டிலில். நம் தொழிலில் இருக்கிறவன் அப்படித்தான் செய்வான். கலர் அடியில் படியும். குலுக்கித்தான் எடுக்க வேண்டும். குலுக்க இடம் வேண்டும். பாட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். பினிஷிங் ஹாலில் பாட்டில் என்ன அளவு என்று எவன் கேட்டான்? உள்ளே எத்தனை கிராம் என்பதுதானே கணக்கு. சாரும் கிராமைக் கேட்டாரே தவிர பாட்டிலைப் பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நாங்கள் யானைகூட இல்லை, சும்மாவே சறுக்கினோம்.

சென்னையில் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். விதி வந்த புதிது. ஜெர்மனியில் இறங்கி, பையர் ஊருக்குப் போகும் சின்ன விமானத்துக்கு மாறும் இடத்தில் மறுபடி சோதனை. வரிசையில் சார் எனக்கு முன்னால். அவர் பை சுத்தமாகப் போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். என் தட்டு மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் கலரை நாங்கள் பேரீச்சைக் கலர் என்போம். கம்பெனியில் பார்க்க அழகாக இருக்கும். அந்த வெள்ளை விளக்கில், லேபிள் இல்லாத பாட்டிலில், ஜிப் பைக்குள் அதைப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. காய்ந்த ரத்தம் மாதிரி இருந்தது. என் விரல் இடுக்கிலும் அதே நிறம். நம் கையில் இருக்கும் கறை எந்த சோப்புக்கும் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டில் என் பெயர். முகத்தில் என் தாடி. அந்த வருடம் இவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது நல்ல சேர்மானம் இல்லை.

அதிகாரி ஏதோ கேட்டார். என் இங்கிலீஷ் பையர் ஆபீஸ் இங்கிலீஷ். ஷேட், டோன், கிளாஸ் என்று கேட்டால் பதில் சொல்லும், பயந்தால் ஓடிவிடும். அவர் திரும்பி, அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். வந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்.

"அண்ணை, தமிழோ? இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஷூவுக்குப் பூசற கலரும்மா. எண்பது கிராம்தான் இருக்கு. நூறுக்குக் கம்மி."

"உள்ளுக்க எவ்வளவு இருக்கெண்டு பாக்கிறேல்லை அண்ணை. போத்தல் எவ்வளவு கொள்ளுமோ அதுதான் கணக்கு. இது இருநூற்றைம்பது." பாட்டிலின் அடியைத் திருப்பிக் காட்டினாள். அங்கே பொடி எழுத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பாட்டிலின் அடியை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை.

"சின்ன பாட்டில்ல மாத்திக்கிறேனே?"

"இங்க ஏலாது அண்ணை." குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "பயப்பிடாதேங்கோ. கொம்பனிக் கடிதம் ஏதும் இருக்கோ? உங்களோட ஆரும் வந்திருக்கினமோ?"

நான் கையை நீட்டி சாரைக் காட்டினேன். "அதோ அவருதாம்மா. எங்க மேனேஜர். லெட்டர் அவர்கிட்டதான் இருக்கு."

அவள் நாலு எட்டு நடந்து போய் அவரிடம் கேட்டாள். தமிழிலேயே கேட்டாள். "ஐயா, இவர் உங்களோட வந்தவரோ?"

அதற்குள் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். சார் என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். போலீஸ்காரரைப் பார்த்தார். தமிழில் கேட்ட கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொன்னார்.

"நோ. நாட் வித் மீ."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். வேகமாகக்கூட இல்லை. சாதாரணமாக நடந்து போனார். எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம் வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்தான். எல்லோர் முன்னாலும் நீட்டிய என் கை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். "அவர் இல்லையெண்டுறார்" என்றாள். அண்ணை என்ற வார்த்தை இல்லை. அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு நான் பொய்யன். யாரோ ஒரு கௌரவமான மனுஷரைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தவன். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஒரு தடுப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். கைவிரலை, பையை, பாட்டிலை எல்லாம் ஒரு துணித் துண்டால் துடைத்து ஒரு மெஷினில் வைத்தார்கள். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் கம்பெனி ஷூ, முதல் தரம். உள்ளே காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. ஊருக்கெல்லாம் ஷூ போடுகிறவனுக்கு இது வேண்டும். அந்த ஓட்டையை மற்றொரு காலால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கத்தவில்லை, தொட்டுத் தள்ளவில்லை, அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். அதுவும் சேர்ந்துதான் வெட்கமாக இருந்தது. யாரையாவது திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

மெஷின் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. பாட்டில் மட்டும் குப்பைத் தொட்டிக்குள் போனது. போகச் சொன்னார்கள். அந்தப் பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, மனசு கேட்காமல் ஒன்று கேட்டாள்.

"உங்கட ஆள் இல்லாட்டி ஏன் அவரைக் காட்டினனீங்கள்?"

"வேற ஒருத்தர்னு நெனச்சுட்டேன்மா. தப்பு என்னுதுதான்" என்றேன்.

சார் எனக்காக ஒரு காபிப் பொய் சொன்னார் இல்லையா, பதிலுக்கு நானும் ஒன்று சொல்லிவிட்டேன் என்று இப்போது கணக்குப் போடலாம். அப்போது அப்படி எதுவும் நினைக்கவில்லை. அந்தப் பெண் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அந்த ஒரு பொய்யோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

விமானம் ஏறும் வாசலில் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். சார் மட்டும் வெளியே நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது, பிறகு குனிந்துகொண்டது. "வாங்க பாய், டைம் ஆச்சு" என்றார்.

"பாட்டில் போச்சு சார்" என்றேன்.

"பார்த்துக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு.

ஆர்டர் பிழைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பையர் ஊரில் ஒரு ஷூ கடையில் கிரீம் டப்பாக்கள் வாங்கினோம். பிரவுன், கறுப்பு, ஒயின் சிவப்பு. ஒரு பீங்கான் தட்டில் மூன்றையும் தேய்த்துத் தேய்த்து, கிட்டத்தட்ட நம் கலரைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மூக்காகக் கையாலேயே பூசினேன். சார் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துணியால் பாலிஷ் போட்டார். கடைக்காரர்கள் வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், ஆர்டர் எழுதினார்கள்.

மறுநாள் காலை, ஓட்டலில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சார் வந்து எதிரில் உட்கார்ந்தார். கொண்டுவந்த ரொட்டியைத் தொடவில்லை. டவலை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பாய், அன்னைக்கு அங்க ஏர்போர்ட்ல..."

எனக்குத் தெரியும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று. ஒரு வாய் டீ குடித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் போதும், அவர் சொல்லி முடித்திருப்பார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். விடுங்க. டீ ஆறிடப் போவுது" என்று நான் குறுக்கே விழுந்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். பார்க்கிறவர்களுக்குப் பெருந்தன்மை மாதிரி இருந்திருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துபோகும். முடியக் கூடாது என்று எனக்குள் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அந்தக் காயம் என் கையில் இருந்த சரக்கு, அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

கிளம்புகிற அன்று அவர் கிறிஸ்துமஸ் சந்தையில் தன் மகளுக்கு ஒரு கண்ணாடி உருண்டை வாங்கினார். உள்ளே ஒரு சின்ன மாதா கோயில். குலுக்கினால் பனி பெய்யும். வேலூர் வெயிலில் பிறந்த பிள்ளை பனியைப் பார்த்ததே இல்லை, அப்பா பனி கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்ததாம். லக்கேஜில் போட்டால் உடைந்துவிடும் என்று, ஒரு சட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். உருண்டைக்குள் இருப்பது தண்ணீர் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

பையர் ஊரின் சின்ன விமான நிலையத்தில் இந்த முறை நான் முன்னால் போனேன். என் பை சுத்தம். அவர் பை நின்றது. உருண்டையை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார்கள். வைத்த வேகத்தில் உள்ளே பனி பெய்தது. அதிகாரி ஒரு வயதானவர், சாந்தமானவர். "இதில் தண்ணீர் இருக்கிறது, நூறுக்கு மேல்" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். சார் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பெட்டியெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. அதிகாரி நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து ஒரே வார்த்தையில் கேட்டார். "டுகெதர்?"

வேறொன்றும் இல்லை. அவரிடம் உருண்டையை வாங்கிக்கொள்ள வெளியே யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருப்பார். ஒரு தலையசைப்பு போதும் அதற்கு.

"எஸ்!" என்றேன். அந்த இடமே திரும்பிப் பார்த்தது. "எஸ் சார், டுகெதர்! ஹி ஈஸ் மை மேனேஜர். சேம் கம்பெனி. சேம் ஓட்டல். ஐ கம் வித் ஹிம், ஐ கோ வித் ஹிம்." ஓடிப்போன இங்கிலீஷ் எல்லாம் அன்று வரிசை கட்டி வந்து நின்றது. அதோடும் நான் நிறுத்தவில்லை. சாரின் பக்கத்தில் போய், அவர் தோளில் கைவைத்து, தமிழில் சொன்னேன். "நான் இங்கதான் இருக்கேன் சார். ஒங்களோடதான் வந்தேன். நான் எங்க போவேன்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? அறை வாங்கியவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனது. "வேணாம் பாய். அது போவட்டும்" என்றார், அதிகாரியைப் பார்த்தபடி. வேலூர் ஆசிரியர் வீட்டுத் தமிழ் பேசுகிறவர், முதல் முறையாக என்னை மாதிரி 'போவட்டும்' என்றார். அந்த உருண்டையும் தொட்டிக்குள் போனது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சாம்பல் கோட்டு ஞாபகம் வந்தது. முழங்கை வரைக்கும் பிரவுன் கறையோடு பையர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, காபியைக் கொட்டிவிட்டேன் என்று சிரித்த ஆள். ஒரு நிமிடம் முன்னால் ஞாபகம் வந்திருக்கக் கூடாதா? ஞாபகம் எப்போதும் காரியம் கெட்ட பிறகுதான் வருகிறது.

சென்னையில் வந்து இறங்கினோம். எப்போதும் கம்பெனிக் காரில் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து, வேலூர் வரும்வரை வம்பு பேசிக்கொண்டு வருவோம். அன்று அவர் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வேலூரில் அவர் வீட்டு வாசலில் கார் நின்றபோது, மகள் ஓடி வந்து அவர் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அவர் குனிந்து அதனிடம் ஏதோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். முதல் பாதியைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள். இரண்டாம் பாதியை நான் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அவரு ஒரு தடவ இல்லன்னாரு" என்றாள். "நீங்க எத்தினி தடவ ஆமான்னீங்க?"

நான் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்தேன்.

அந்த வருடமும் அவர் வீட்டு கேக் வந்தது. டிரைவர் கையில் வந்தது. நானும் பக்ரீத்துக்குப் பிரியாணி அனுப்பினேன், அதே டிரைவர் கையில். மதியம் இரண்டு டிபன் கேரியரும் ஒரே மேஜையில்தான் திறந்தன, ஆனால் இடையில் எப்போதும் மூன்றாவதாக யாராவது உட்கார்ந்திருக்கும்படி நாங்கள் பார்த்துக்கொண்டோம். சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் யாராவது சமாதானம் செய்திருப்பார்கள். அதன் பிறகு வெளிநாட்டுக்கு அவர் தனியாகப் போனார், நான் வேறொருவரோடு போனேன். பிறகு ஒருநாள் சென்னையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பிரிவு உபசாரத்தில் எல்லோரிடமும் கை குலுக்கினார். என் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். நான் அப்போதாவது அவர் சொல்ல வந்ததைச் சொல்ல விட்டிருக்கலாம். "நல்லா இருங்க சார்" என்று நானே முந்திக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது அதே மாதிரி ஒரு கண்ணாடி உருண்டையைத் தேடி வாங்கினேன். தோல் துண்டுகளில் நாலு சுற்றுச் சுற்றி லக்கேஜ் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். ஆனால் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதுவும் இன்னொரு 'எஸ்' ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் குலுக்கி விளையாடுகிறார்கள்.

அவர் செய்தது தப்பு. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் பயத்தில் செய்தார். துப்பாக்கியைப் பார்த்துவிட்டு ஒரு நொடியில் வாயில் வந்தது அது. செய்துவிட்டு வாசலில் எனக்காக நின்றார், தரையில் உட்கார்ந்து பாலிஷ் போட்டார், டவலை மடித்து மடித்து மன்னிப்புக் கேட்க வந்தார். எனக்கு எந்தப் பயமும் இல்லை. நான் நிதானமாக இருந்தேன். உதவி செய்கிற மாதிரியே அடித்தேன். பழி வாங்கியது தெரியக்கூட இல்லை, அவ்வளவு நல்ல பினிஷ். அந்த வேலையில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே.

போன் செய்த தம்பிக்கு மீதிப் பதில் இதுதான். பாட்டிலைக் கவிழ்த்து அடியில் எழுதியிருப்பதைப் படி. உள்ளே இருக்கிற அளவை யாரும் பார்க்க மாட்டார்கள். கூட வருகிறவர் மாட்டிக்கொண்டு, இவர் உன்னோடு வந்தவரா என்று யாராவது கேட்டால், பயப்படாமல் ஆமாம் என்று சொல்.

ஒரு தடவை சொன்னால் போதும்.